மார்பகப் புற்றுநோய் சிகிச்சை: எதை, எந்த வரிசையில் முடிவு செய்வது

பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டால் வீட்டில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் எப்போது?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு மூன்று இருக்கின்றன. என் அக்காவுக்கு வந்தபோது ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். எந்தத் தாள் எதற்கு, எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது என்று யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு எந்த மருந்து என்று என்னால் சொல்ல முடியாது. டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கையில் இருக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். ஆண்களுக்கும் இந்த நோய் வரும். அபூர்வம்தான், ஆனால் கீழே இருப்பதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

1. ரிப்போர்ட் முழுதாக வரும்வரை எதற்கும் தலையாட்டாதீர்கள்

இரண்டு பேருக்குக் கட்டி ஒரே அளவில் இருக்கும். ஒருவருக்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் மாத்திரையும் போதும். இன்னொருவருக்குக் கீமோவில்தான் ஆரம்பிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்வது பயாப்ஸி ரிப்போர்ட். எஃப்.என்.ஏ.சி. என்கிற மெல்லிய ஊசிச் சோதனை, புற்றுநோயாக இருக்கலாம் என்று கோடி காட்டும். வகை பிரிக்க அது போதாது. தடித்த ஊசியால் திசுவைத் துணுக்குத் துணுக்காக எடுக்கும் ட்ரூகட் பயாப்ஸி வேண்டும். "முதலில் கட்டியை எடுத்துவிடுவோம், அப்புறம் சோதித்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், ஏன் ஊசியில் எடுக்க முடியாது என்று கேளுங்கள்.

ரிப்போர்ட் பெரும்பாலும் இரண்டு தவணையாக வரும். முதல் தாளில் நோயின் வகையும் கிரேடும் இருக்கும். கிரேடு என்பது 1 முதல் 3 வரை. செல்கள் எவ்வளவு மூர்க்கமாகத் தெரிகின்றன என்பதற்கான அளவு. அதை ஸ்டேஜோடு, அதாவது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். "கிரேடு 3" என்று பார்த்துவிட்டு மூன்றாம் ஸ்டேஜ் என்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது தாள் ஐ.எச்.சி., அதாவது திசுவுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை. சில நாள் கழித்து வரும். சிகிச்சையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தத் தாள்தான். இதில் மூன்று வரிகளைப் பாருங்கள்.

ஈ.ஆர்., பி.ஆர்.: ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள். 1 சதவீதச் செல்களில் இருந்தாலே ஹார்மோன் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஈ.ஆர். 1 முதல் 10 வரை என்றால் அது அரைகுறை பாசிட்டிவ்; ஹார்மோன் மாத்திரை எவ்வளவு உதவும் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஹெர்2: செல்களை வேகமாகப் பெருக வைக்கும் ஒரு புரதம். 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். ஃபிஷ் என்ற இன்னொரு சோதனை செய்தால்தான் தெரியும்.

அக்காவின் ரிப்போர்ட்டில் ஹெர்2 எதிரே 2+ இருந்தது. அதற்குக் கீழே, கையெழுத்துக்கு மேலே, பொடி எழுத்தில் ஒரு வரி: ஃபிஷ் செய்து உறுதி செய்யவும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் அதற்குள் ஆபரேஷனுக்குத் தேதியே குறித்துவிட்டார்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரிவரை படியுங்கள். புரியாத வரிக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டு போங்கள்.

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றும் நெகட்டிவ் என்றால் அதற்கு டிரிபிள் நெகட்டிவ் என்று பெயர். கேஐ-67 என்று இன்னொரு எண்ணும் இருக்கலாம். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைக் காட்டும் எண் அது. லேபுக்கு லேப் மாறும், அந்த எண்ணை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. ஃபைல் போடுங்கள், அதில் ஸ்லைடுக்கும் இடம் வையுங்கள்

ஒவ்வொரு டாக்டரும் முதலிலிருந்து கேட்பார்கள். அதனால் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரே தாளில் இவற்றை எழுதி வையுங்கள்: வயது, மாதவிடாய் நின்றுவிட்டதா, எந்தப் பக்கம், கட்டியின் அளவு, அக்குளில் ஏதாவது உண்டா, வகை, கிரேடு, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2, வேறு நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, குடும்பத்தில் யாருக்காவது மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருக்கிறதா.

அதற்குப் பின்னால் தேதி வரிசையில் எல்லா ரிப்போர்ட்டும். மேமோகிராம், ஸ்கேன் எதுவானாலும் எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களும் சிடியாகவோ ஃபைலாகவோ வேண்டும். எல்லாவற்றையும் போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

பலர் கேட்டு வாங்க மறப்பது, பயாப்ஸி ஸ்லைடும் பாரஃபின் பிளாக்கும். பிளாக் என்பது உங்கள் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டி. இன்னொரு லேபில் மறுபடி பார்க்கச் சொன்னாலோ, ஃபிஷ், மரபணுச் சோதனை என்று பிறகு தேவைப்பட்டாலோ அதுதான் வேண்டும். தொலைந்தால் மறுபடி ஊசி. வாங்கும்போது எண் சரிபார்த்து வாங்குங்கள். எங்கே கொடுத்தாலும் கையெழுத்துப் போட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். வெயிலில் நின்ற வண்டியில் விட்டுவைக்காதீர்கள், அது மெழுகு.

3. ஸ்டேஜ் பார்க்க எந்த ஸ்கேன்

இரண்டு மார்பகத்துக்கும் மேமோகிராம், மார்பகத்துக்கும் அக்குளுக்கும் அல்ட்ராசவுண்ட். இது எல்லாருக்கும் பொது. அக்குளில் சந்தேகமான நிணநீர் முடிச்சு தெரிந்தால் அதிலும் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. எல்லாருக்கும் தேவையில்லை, பால் சுரப்பியில் தொடங்கும் லோபுலர் வகை, அடர்த்தியான மார்பகம் போன்ற நிலைகளில் கேட்பார்கள்.

உடல் முழுவதும் பார்க்கும் பெட் ஸ்கேன்தான் பணம் கரையும் இடம். கட்டி சிறியது, அக்குளில் ஒன்றும் இல்லை, வேறு தொந்தரவும் இல்லை என்றால் ஆரம்ப நிலையில் அது வழக்கமாகத் தேவைப்படாது. கட்டி பெரிதாகவோ அக்குள் வரை பரவியோ இருந்தால் அர்த்தம் உண்டு. எந்த ஸ்கேன் எழுதிக் கொடுத்தாலும் இதைக் கேளுங்கள்: "இதன் முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும்?" எப்படி வந்தாலும் மாறாது என்றால், எதற்கு அந்த ஸ்கேன்?

டி.சி.ஐ.எஸ். என்று வந்தால் அது 0 ஸ்டேஜ். பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருப்பது. அதற்குக் கீமோ கிடையாது. நான்காம் ஸ்டேஜ் என்றால் நோய் வேறு உறுப்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது வழக்கமாக ஆபரேஷனில் தொடங்க மாட்டார்கள், நோயை மருந்தால் கட்டுக்குள் வைத்துக்கொண்டே போவார்கள். அவர்களுக்கு இனிமேல் வரும் வரிசை அப்படியே பொருந்தாது.

4. எவ்வளவு நாள் பொறுக்கலாம்

ரிப்போர்ட் முழுதாக வரவும், இன்னொரு டாக்டரைப் பார்க்கவும் ஓரிரண்டு வாரம் ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. கட்டி தெரிந்த நாளில் உருவானது அல்ல அது. "நாளைக்கே அட்மிட் ஆகுங்கள், இல்லாவிட்டால் பரவிவிடும்" என்ற அவசரத்துக்குப் பணிய வேண்டாம். அதே சமயம் மாதக்கணக்கில் இழுக்கவும் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ உண்டு என்றால் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. மூன்று மாதத்தைத் தாண்டினால் பலன் குறைகிறது.

ஒரு விதிவிலக்கு: மார்பகம் திடீரென்று சிவந்து, வீங்கி, தோல் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக ஆகியிருந்தால் அது அழற்சி வகையாக இருக்கலாம். அது வேகமாகப் போகும் வகை. அங்கே பொறுக்காதீர்கள்.

இன்னொரு டாக்டரிடம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கேட்டுக்கொண்டு போனால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். முடிந்தால் சர்ஜன், கீமோ கொடுக்கும் மருத்துவர், ரேடியேஷன் மருத்துவர் மூவரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கும் டியூமர் போர்டு இருக்கும் இடமாகப் பாருங்கள். சர்ஜனை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் பேச்சு முழுவதும் கத்தியைச் சுற்றியே இருக்கும்.

5. முதலில் மருந்தா, ஆபரேஷனா

தேதி குறிக்கும் முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான். ஹெர்2 பாசிட்டிவ், டிரிபிள் நெகட்டிவ் இரண்டிலும், கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ அக்குளில் பரவியிருந்தாலோ, பெரும்பாலும் மருந்தில் தொடங்கி அப்புறம்தான் ஆபரேஷன். அதில் இரண்டு லாபம். கட்டி சுருங்கினால் சின்ன ஆபரேஷனே போதுமாகலாம். அதைவிடப் பெரிய லாபம், மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்க்க முடிவது. ஆபரேஷனில் எடுத்த திசுவில் மிச்சம் இருந்தால் அடுத்து வேறு மருந்துக்கு மாறலாம்: ஹெர்2 பாசிட்டிவுக்கு டி-டிஎம்1 என்ற ஊசி மருந்து, டிரிபிள் நெகட்டிவுக்குக் கேப்சிடபைன் மாத்திரை. முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் இந்தத் தகவல் கிடைக்கவே கிடைக்காது.

மருந்தில் தொடங்குவது என்றால், முதல் டோஸுக்கு முன் கட்டி இருக்கும் இடத்தில் ஒரு சின்ன உலோகக் கிளிப் வைக்கச் சொல்லுங்கள். மருந்தில் கட்டி முழுவதும் கரைந்துபோனால் எந்த இடத்தை அறுப்பது என்று சர்ஜனுக்கு அடையாளம் அதுதான்.

ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், சிறிய கட்டி என்றால் பெரும்பாலும் ஆபரேஷன்தான் முதலில்.

6. கட்டியை மட்டுமா, மார்பகம் முழுவதுமா

"முழுசா எடுத்துட்டா நிம்மதி" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். ஆரம்ப நிலையில், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுத்தவர்களும் மார்பகத்தை முழுதாக எடுத்தவர்களும் உயிரோடிருக்கும் வாய்ப்பில் சமம்தான். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழுவும் இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசி குழுவும் 20 ஆண்டு பின்தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்ட முடிவு இது. கட்டியை மட்டும் எடுத்தால் அதே மார்பகத்தில் திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். முழுதாக எடுத்தாலும் அது பூஜ்யமாகிவிடாது.

முழுதாக எடுக்க வேண்டிய நிலைகளும் உண்டு. ஒரே மார்பகத்தில் பல இடத்தில் கட்டி, மார்பகத்தின் அளவோடு பார்த்தால் கட்டி பெரிது, முன்பே அந்த இடத்தில் ரேடியேஷன் வாங்கியது, அழற்சி வகை. கட்டியை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தால் ரேடியேஷனும் பெரும்பாலும் அந்த முடிவுக்குள்ளேயே அடக்கம். வாரத்துக்கு ஐந்து நாள் போய்வர முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். இன்னொன்று: எடுத்த திசுவின் ஓரத்தில் புற்றுசெல் இருந்தால் மறுபடி அறுக்க வேண்டியிருக்கும். அந்த வாய்ப்பு எவ்வளவு, அதற்குத் தனிக் கட்டணமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அக்குளில் நோய் இருப்பதாகத் தெரியாவிட்டால் சென்டினல் பயாப்ஸி கேளுங்கள். முதலில் வடியும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பது அது. அக்குளை முழுதாகத் துப்புரவு செய்தால் பிற்காலத்தில் கைவீக்கம் வரும் வாய்ப்பு கூடும், அது வந்தால் எளிதில் போகாது.

பரம்பரைக் காரணமாக இருக்கலாம் என்றால், அதாவது சின்ன வயது, டிரிபிள் நெகட்டிவ், குடும்பத்தில் பலருக்கு வந்தது, ஆண் நோயாளி என்றால், பிஆர்சிஏ மரபணுச் சோதனையை ஆபரேஷனுக்கு முன்பே அனுப்புங்கள். முடிவு வர சில வாரம் ஆகும். அது எந்த ஆபரேஷன் என்பதையே மாற்றலாம். மரபணுக் கோளாறு எதுவும் இல்லாதவர்கள் பயத்தில் நல்ல மார்பகத்தையும் சேர்த்து எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை.

மார்பகத்தைத் திரும்ப உருவாக்கும் ஆபரேஷன் வேண்டுமா என்பதும் முன்பே பேச வேண்டியது. ரேடியேஷன் உண்டு என்றால் இம்பிளான்ட்டில் சிக்கல் அதிகம். வேண்டாம் என்று சொல்வதும் முழு உரிமை.

வீட்டுக்கு வரும்போது, காயத்திலிருந்து நீரை வடிக்கும் ட்ரெய்ன் குழாயோடு அனுப்பலாம். தினமும் அதில் சேரும் நீரை அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அளவு குறைந்தால்தான் குழாயை எடுப்பார்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டை இரண்டு மூன்று இப்போதே எடுத்து வையுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கி எதையும் போட முடியாது.

7. கீமோ உண்மையிலேயே வேண்டுமா

டிரிபிள் நெகட்டிவ், ஹெர்2 பாசிட்டிவ் என்றால் மிகச் சிறிய கட்டி தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் வேண்டும். குழப்பம் வருவது ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் உள்ளவர்களுக்குத்தான். அவர்களில் நிறைய பேருக்குக் கீமோ தேவையில்லை.

எடுத்த கட்டியில் 21 மரபணுக்களைப் பார்க்கும் ஆன்கோடைப் சோதனை இதற்கு உதவும். 2018-இல் வந்த டெய்லர்-எக்ஸ் ஆய்வின்படி, அக்குளில் பரவாத, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மதிப்பெண் 25 வரை என்றால் கீமோவால் கூடுதல் பலன் இல்லை. 50 வயதும் அதற்குக் கீழும் இருப்பவர்களுக்கு மதிப்பெண் 16-இலிருந்தே கொஞ்சம் பலன் தெரிகிறது. சோதனை விலை அதிகம்தான். ஆனால் தேவையில்லாத கீமோவின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு பொறி, சதவீதம். "கீமோ போட்டால் ஆபத்து 30 சதவீதம் குறையும்" என்பார்கள். 100 பேரில் 10 பேருக்குத் திரும்ப வரும் என்ற நிலையில் அது 7 ஆகும். பலன் பெறுபவர்கள் 3 பேர். 100-இல் 40 என்றால் 28 ஆகும். பலன் பெறுபவர்கள் 12 பேர். அதே 30 சதவீதம்தான். ஆகவே இப்படிக் கேளுங்கள்: "என்னைப் போன்ற 100 பேரில், கீமோ இல்லாமல் எத்தனை பேருக்குத் திரும்ப வரும்? போட்டால் எத்தனை பேருக்கு?"

கால அளவு மருந்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம்வரை போகும். மூன்று வாரத்துக்கு ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று, வாரா வாரம் என்று பல அட்டவணை உண்டு. முழு அட்டவணையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வேலை, சம்பள விடுப்பு, துணைக்கு யார் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும்.

8. ரேடியேஷன், ஊசி, மாத்திரை

ரேடியேஷன் பெரும்பாலும் மூன்று வாரம். சிலருக்கு ஐந்து. ஒரே வாரத்தில் ஐந்து முறை கொடுத்து முடிப்பதும் இப்போது சில இடங்களில் உண்டு. தொலைவிலிருந்து வருபவர்கள் அது தங்களுக்குப் பொருந்துமா என்று கட்டாயம் கேளுங்கள். இடது மார்பகம் என்றால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்யும் முறை இருக்கிறதா என்று கேளுங்கள், இதயத்துக்குப் போகும் கதிர் குறையும். 70 வயதைத் தாண்டி, சிறிய கட்டி, ஹார்மோன் பாசிட்டிவ் என்றால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள் ரேடியேஷனைத் தவிர்க்கவும் வாய்ப்புண்டு.

ஹெர்2 பாசிட்டிவுக்கு டிராஸ்டுசுமாப் ஊசி, மொத்தம் ஒரு வருடம். தொடங்கும் முன்னும், பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ எடுத்து இதயத்தைப் பார்க்க வேண்டும்.

ஹார்மோன் மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு டமாக்ஸிஃபென், நின்றவர்களுக்குப் பெரும்பாலும் லெட்ரோசோல் போன்றவை. லெட்ரோசோல் என்றால் மூட்டு வலிக்கும், எலும்பு தேயும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். டமாக்ஸிஃபென் என்றால், மனச்சோர்வுக்குப் பராக்ஸெடின் அல்லது ஃப்ளூவாக்ஸெடின் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டருக்குச் சொல்லுங்கள். அவை இதன் வேலையைக் குறைக்கும். விலை குறைந்த மாத்திரைதானே என்று பலர் இதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஹார்மோன் பாசிட்டிவ் நோயில் மிகப் பெரிய காவல் இந்த மாத்திரைதான். பக்கவிளைவு தாங்கவில்லை என்றால் நிறுத்தாமல், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மூலிகை, உணவுமுறை என்று மட்டும் நம்பிச் சிகிச்சையை விடுவது பற்றி ஒரே வரி: 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குணமாகும் நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு இறப்பு ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. கீமோவோடு சேர்த்து எதைச் சாப்பிட்டாலும் டாக்டருக்குச் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

9. பணக் கணக்கு

ஆபரேஷன் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. முதல் ஆண்டுக்கான மொத்த மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள்: சோதனைகள், ஆபரேஷன், எடுத்த திசுவின் பரிசோதனை, ஒவ்வொரு கீமோவுக்கும் மருந்து விலையும் படுக்கைக் கட்டணமும், வெள்ளையணு ஏற்றும் ஊசி, போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி) வைக்க, எடுக்க, ரேடியேஷன், எக்கோ. போக்குவரத்தும் துணைக்கு வருபவரின் இழந்த சம்பளமும் பில்லில் வராது, கையிலிருந்து போகும்.

காப்பீடு இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். ஒரே நாளில் கொடுத்து அனுப்பும் கீமோவுக்கு உண்டா? வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்கு உண்டா? மரபணுச் சோதனைக்கு உண்டா? கடைசி இரண்டுக்கும் பல திட்டங்களில் கையை விரிப்பார்கள். முன் அனுமதிக்கு நாள் பிடிக்கும். ஒவ்வொரு டோஸுக்கும் தனித்தனியாகக் கேட்பதாக இருந்தால் முந்தைய டோஸ் முடிந்த அன்றே அடுத்ததற்கு விண்ணப்பியுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, டாக்டர் கடிதத்தோடு மறுபடி அனுப்புங்கள்.

டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகளுக்குப் பயோசிமிலர், அதாவது மூல மருந்தைப் போலவே வேறு கம்பெனி தயாரிப்பது, கிடைக்கிறது. முறையாக ஒப்புதல் பெற்றது என்றால் பலன் ஒன்றுதான், விலை குறைவு. பணம் பாதியில் தீர்ந்துவிடும் என்று தெரிந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்த வேண்டிய விலை உயர்ந்த திட்டத்தைவிட முடிக்கக்கூடிய எளிய திட்டம் மேல். அதற்கேற்ப மாற்றிக் கொடுக்க டாக்டருக்கு வழி இருக்கும்.

10. முதல் கீமோவுக்கு முந்தைய வாரம்

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், கருமுட்டை எடுத்து வைப்பதை இப்போதே பேசுங்கள். சுமார் இரண்டு வாரம் ஆகும், கீமோ தொடங்கிய பிறகு கேட்டால் தாமதமாகிவிடும். டாக்டரே ஆரம்பிப்பார் என்று காத்திருக்காதீர்கள். திருமணமாகாதவர்களிடம் இந்தப் பேச்சை எடுக்கவே பலர் தயங்குகிறார்கள்.

எக்கோ, ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனை, கர்ப்பம் இல்லை என்ற உறுதி, பல் டாக்டர். சொத்தைப் பல் இருந்தால் இப்போதே முடித்துவிடுங்கள், கீமோ நடுவில் பல் பிடுங்குவது தொல்லை.

ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். முதலில் பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று வீட்டில் உட்காரக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், உள்ளே இருக்கும் தொற்றைக் குறைக்காது. இரவில் கூப்பிட வேண்டிய எண்ணை வீட்டில் எல்லார் போனிலும் போட்டு வையுங்கள். அவசரப் பிரிவில் போய் நின்றதும் முதலில் சொல்ல வேண்டியது, "கீமோ போய்க்கொண்டிருக்கிறது, கடைசி டோஸ் இந்தத் தேதி."